பாய்ப்படகை எங்கே கட்டுவது? சிங்கப்பூரில் மலிவான மூரிங் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என்னிடம் 26 அடியில் ஒரு பழைய பாய்ப்படகு இருக்கிறது. சாங்கிப் பக்கம் ஒரு மூரிங்கில், அதாவது கடலில் உள்ள ஒரு மிதவையில் கட்டி, கிடக்கிறது. இது தெரிந்த நாளிலிருந்து, தேக்காவில் கோப்பி குடிக்கும்போதும் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதும் யாராவது பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி விசாரிப்பார்கள். படகு என்ன விலை என்று கேட்பவர்கள் குறைவு. பழைய படகுகள் பழைய காரைவிட மலிவாகவே கிடைக்கின்றன என்பது எல்லாருக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது. எங்கே கட்டுவது, மாதம் எவ்வளவு ஆகும் என்பதுதான் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

மூரிங், பெர்த் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. பெர்த் என்பது மிதக்கும் நடைமேடை ஓரத்தில் ஓர் இடம். நான்கு கயிற்றால் படகைக் கட்டிவிட்டு, போட்ட செருப்போடு நடந்து கரைக்கு வந்துவிடலாம். தண்ணீரும் மின்சாரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மூரிங் என்பது கடலடியில் ஒரு கனத்த கல், அதிலிருந்து ஒரு சங்கிலி, சங்கிலியின் மேல்முனையில் ஒரு மிதவை. படகின் அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, மிதவையோடு கட்டிவிட்டால் காற்றும் நீரோட்டமும் இழுக்கிற பக்கமெல்லாம் படகு சுற்றி வரும், முளையில் கட்டிய மாடு மாதிரி.

பெர்த்துக்குக் காசு அதிகம், வேலை குறைவு. மூரிங்குக்குக் காசு குறைவு, வேலை அதிகம். கீழே வரும் பதில்களில் பாதி, இந்த ஒரு வரியின் விளக்கம்தான்.

சிங்கப்பூர்ல எங்கெங்க கட்டலாம்? பேரைச் சொல்லுங்க.

செந்தோசா தீவின் கோவ் பகுதியில் ஒன் ஃபிஃப்டீன் மெரினா; மெரினா என்றால் பெர்த்துகள் உள்ள படகுத்துறை. கெப்பல் பே பகுதியில் ஒரு மெரினா. துவாஸ் கோடியில் 1994இல் திறந்த ராஃபிள்ஸ் மெரினா. பொங்கோலில் மெரினா கண்ட்ரி கிளப். வெஸ்ட் கோஸ்ட்டில் சிங்கப்பூர்க் குடியரசு யாட் கிளப். அது 1826ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்கிறது, ராஃபிள்ஸ் வந்திறங்கி ஏழே ஆண்டுதான் ஆகியிருந்தது! சாங்கியில் நெதராவன் ரோட்டில் சாங்கி செய்லிங் கிளப். மூரிங் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ஆயுதப்படை யாட் கிளப்புக்குச் சாங்கியிலும் செம்பவாங்கிலும் இடம் இருக்கிறது.

அவ்வளவுதான் பட்டியல். ஒரு கை விரல்களைத் தாண்டி இன்னும் இரண்டு விரல்.

சுத்தி எங்கும் கடல். அப்புறம் ஏன் இடத்துக்கு இவ்வளவு தட்டுப்பாடு?

மற்ற ஊர்களில் மலிவான மூரிங்குகள் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆற்று முகத்துவாரத்தில், அலை வராத கழிமுகத்தில், மீனவர் படகுகளுக்குப் பக்கத்தில். நம் ஊரில் முகத்துவாரங்களை அடைத்து நீர்த்தேக்கம் ஆக்கிவிட்டோம். பாண்டான், கிராஞ்சி எழுபதுகளில். மெரினா அணைக்கட்டு 2008இல். பொங்கோலும் சிராங்கூனும் 2011இல். குடிதண்ணீர் முக்கியம், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் படகுக்காரன் கண்ணால் வரைபடத்தைப் பார்த்தால், ஒதுங்க நல்ல இடங்கள் எல்லாம் கதவின் அந்தப் பக்கம் போய்விட்டது தெரியும்.

மீதிக் கரையைத் துறைமுகம், கப்பல்களின் நங்கூரமிடும் பகுதிகள், எண்ணெய் ஆலைகள், ராணுவப் பயிற்சிப் பகுதிகள், கடலை நிரப்பி எடுத்த நிலம் என்று பங்கு போட்டாயிற்று. தெற்கே உலகத்திலேயே கப்பல் நெரிசல் மிகுந்த நீரிணைகளில் ஒன்று. வடக்கே ஜோகூர் நீரிணை அமைதியானதுதான். நடுவில் 1924 முதல் கடற்பாலம் குறுக்கே கிடக்கிறது. அதன் அடியில் படகு போக வழியில்லை. சாங்கியிலிருந்து துவாஸுக்குப் படகில் போக வேண்டுமென்றால் தீவின் தெற்குப் பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

நானே ஒரு கான்கிரீட் கல்லைப் போட்டு மிதவை கட்டிக்கிட்டா யார் கேக்கப் போறா?

கேட்பார்கள். சிங்கப்பூர்க் கடல் முழுவதும் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் பொறுப்பில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் கடலடியில் எதையும் போட்டுவைக்க முடியாது. நங்கூரம் பாய்ச்சுவதற்குக்கூட இன்ன இடம் என்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லாசரஸ் தீவு ஓரம் நங்கூரமிட்டு, குளித்து, பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிப்பது வேறு. படகை அங்கேயே விட்டுவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போவது வேறு.

சரி, மாசம் எவ்வளவுதான் ஆகும்?

தொகையை நான் எழுதப் போவதில்லை. கட்டணம் இடத்துக்கு இடம் வேறு, அடிக்கடி மாறுகிறது. போன் செய்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். கணக்குப் போடும் விதத்தை மட்டும் சொல்கிறேன், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

மெரினாக்களில் அடிக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். எடுத்துக்காட்டாக, அடிக்கு 20 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 30 அடிப் படகுக்கு 600 வெள்ளி என்று மனக்கணக்குப் போடுவீர்கள். ஆனால் 30 அடி என்பது உடலின் நீளம்தானா? முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூர உருளை, பின்னால் தொங்கும் ஏணி, இழுத்துக் கட்டிய சின்னப் படகு எல்லாவற்றையும் சேர்த்து அளந்தால் 33 ஆகிவிடும். சில இடங்களில் படகின் நீளம், பெர்த்தின் நீளம் இரண்டில் எது பெரிதோ அதற்குக் கட்டணம். 30 அடிப் படகு 40 அடி பெர்த்தில் நின்றால் 800. அதன் மேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு, தண்ணீர், மின்சாரம், முன்பணம். கிளப்பாக இருந்தால் சந்தாவும் உண்டு.

மூரிங்கில் மாதத் தொகை சிறிதாகத் தெரியும். அதோடு சங்கிலி பராமரிப்பு, போய்வரும் படகுச் செலவு, அடிப்பாகம் சுரண்டும் செலவு, எல்லாவற்றையும்விட உங்கள் சனிக்கிழமைகள் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றைச் சேர்த்தும் எனக்கு மூரிங்தான் மலிவாக வருகிறது. ஆனால் எனக்குச் சுத்தியல் பிடிக்கப் பிடிக்கும். ஆள் வைத்தே எல்லாம் செய்பவருக்கு இந்த இடைவெளி ரொம்பச் சுருங்கிவிடும்.

படகு ஒண்ணு சல்லிசா வருது அண்ணே. முதல்ல வாங்கிப் போட்டுடுறேன், இடம் அப்புறம் பாத்துக்கலாமா?

வேண்டாம் தம்பி. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நான் அப்படித்தான் வாங்கினேன். விற்றவர் "இந்த மாசக் கடைசி வரைக்கும் என் இடத்தில இருக்கட்டும்" என்றார். மாசக் கடைசி வந்தது. நான்கு இடத்தில் கேட்டேன். ஓரிடத்தில் என் நீளத்துக்கு இடமில்லை. இன்னோரிடத்தில் காத்திருப்புப் பட்டியல். மூன்றாவது இடத்தில் படகின் வயதைக் கேட்டதும் காப்பீட்டுத் தாளையும் ஆய்வு அறிக்கையையும் கொண்டுவரச் சொன்னார்கள். என்னிடம் இரண்டும் இல்லை. கடைசியில் தற்காலிக பெர்த் ஒன்றில் நாள் கணக்கில் காசு கட்டினேன். இரண்டரை மாதம். அந்தத் தொகையைப் படகு விலையோடு கூட்டிப் பார்த்தால் "சல்லிசு" போய்விட்டது. என் மனைவிக்கு அந்த எண்ணிக்கை இன்னும் மனப்பாடம்.

இடத்தை எழுத்தில் உறுதி செய்துகொண்டு, அந்த இடத்துக்குப் பொருந்துகிற நீளத்தில், ஆழத்தில் படகு தேடுங்கள். படகு உரிமத்துக்குப் போகும்போதும் எங்கே நிறுத்தப்போகிறீர்கள் என்பதற்குப் பதில் கையில் இருந்தால் நல்லது.

கிளப்ல மெம்பர் ஆகணுமா? அது பணக்காரங்க சமாச்சாரம் இல்லையா?

இடத்தைப் பொறுத்தது. செய்லிங் கிளப்புகளில் மூரிங் பெரும்பாலும் உறுப்பினருக்குத்தான். மெரினாக்களில் சிலவற்றில் உறுப்பினர் முறை, சிலவற்றில் வெறும் வாடகை ஒப்பந்தம். நீச்சல் குளமும் உணவகமும் உள்ள இடத்தில் நுழைவுத் தொகை கனமாக இருக்கும்; கிளப் உரிமையை மற்றோர் உறுப்பினரிடமிருந்து வாங்கும் வழியும் சில இடங்களில் உண்டு.

ஒன்று சொல்ல வேண்டும். நானும் முதல் தடவை உள்ளே போகும்போது சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டுதான் போனேன். போய்ப் பார்த்தால், பெயிண்ட் படிந்த அரைக்கால் சட்டையோடு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தரையில் உட்கார்ந்து கயிறு பின்னிக்கொண்டிருந்தார். பாய்ப்படகுக்காரர்கள் பெரும்பாலும் அந்த ரகம்தான். எஞ்சின் படகுக்காரர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

காத்திருப்புப் பட்டியல்ல பேரைக் குடுத்து வருஷமாச்சு. சீக்கிரமா கிடைக்க வழி இருக்கா?

குறுக்கு வழி தெரியாது. நேர் வழிகள் சில உண்டு. நீளத்தைக் குறையுங்கள், 24 அடிக்கும் 36 அடிக்கும் வரிசையே வேறு. அதிக ஆழம் வேண்டாத படகாகப் பாருங்கள். கரையோரத்தில் வற்றுநேரத்தில் ஆழம் குறைவாக இருக்கும் மூரிங்கைப் பெரிய படகுக்காரர் எடுக்க முடியாது, நீங்கள் எடுக்கலாம். இங்கே பெருக்குக்கும் வற்றுக்கும் கிட்டத்தட்ட 3 மீட்டர் வரை வித்தியாசம் வரும் என்பதை மறக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட, அங்கே போய் நில்லுங்கள். பந்தய நாளில் யாராவது ஓர் ஆள் குறைந்து தவிப்பார். போய் கயிறு இழுங்கள். இடம் காலியாகப் போகிற செய்தி அலுவலக மேசைக்கு வருவதற்கு முன்னால் படகுத் தளத்தில் பேச்சாக வந்துவிடும். "அவர் ஆஸ்திரேலியா போறாராம், படகை விக்கிறாராம்" என்பதைக் கேட்டவுடன் அலுவலகத்துக்குப் போய்ப் பட்டியலில் எங்கே இருக்கிறோம் என்று விசாரிக்கலாம். பட்டியலைத் தாண்ட முடியாது. ஆனால் உங்கள் முறை வரும்போது போனை எடுக்காமல் விட்டு அடுத்தவருக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். அப்படி இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

மூரிங்கை ஏன் அவங்க இன்னும் நெருக்கமா போடக் கூடாது? நடுவுல அவ்வளவு தண்ணி சும்மாதானே கிடக்கு.

நல்ல கேள்வி, கணக்கே போட்டுவிடுவோம். வற்றுநேரத்தில் ஆழம் 5 மீட்டர், பெருக்கில் 8 மீட்டர். சங்கிலி 12 மீட்டர் என்று வைப்போம். தண்ணீர் வற்றியிருக்கும்போது சங்கிலி இழுபட்டால், கல்லிலிருந்து மிதவை பக்கவாட்டில் கிட்டத்தட்ட 11 மீட்டர் தள்ளிப் போகும். அதற்குப் பின்னால் 8 மீட்டர் படகு. ஆக 19 மீட்டர் ஆரம், 38 மீட்டர் விட்டம். மூன்றரை மீட்டர் அகல பெர்த்தில் அடங்கும் படகு, மூரிங்கில் ஒரு கால்பந்து மைதானத்தின் ஆறில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

எல்லாப் படகும் ஒரே பக்கம் திரும்பினால் வட்டங்கள் ஒன்றை ஒன்று தொட்டாலும் பிரச்சினை இல்லை. ஆனால் நீரோட்டம் ஒரு பக்கம், காற்று எதிர்ப்பக்கம் என்று வரும்போது கனமான கீல், அதாவது அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு போன்ற பாகம், உள்ள படகு நீரோட்டத்தைப் பார்த்து நிற்கும், லேசான படகு காற்றைப் பார்த்து நிற்கும். அப்போதுதான் இடிக்கும்.

மூரிங்ல விட்டா படகுக்கு எப்படிப் போறது? நீந்தியா?

கிளப்பில் கொண்டுபோய் விடும் படகு இருந்தால் அதில். அது எத்தனை மணி வரை ஓடும், வாரநாளில் உண்டா என்று சேரும் முன்பே கேளுங்கள். இல்லையென்றால் சொந்தமாகக் காற்றடைத்த சின்னப் படகு ஒன்று. அதை வைக்கவும் இடம் வேண்டும்; அதற்கும் சில இடங்களில் கட்டணம்.

படகில் உப்புத் தண்ணீரைத் துடைக்கக்கூட நல்ல தண்ணீரை நீங்கள்தான் கேனில் சுமக்க வேண்டும். பேட்டரிக்குச் சூரியத் தகடு வேண்டும். குடும்பத்தோடு போகிற நாளில் பாட்டியைச் சின்னப் படகிலிருந்து பெரிய படகுக்கு ஏற்றுவது தனிக் கலை. அம்மா ஒரு தடவை ஏறினார். "நல்லாத்தான் இருக்கு, இனிமே போட்டோ அனுப்பு" என்றார்.

சின்னப் படகுன்னா கரையிலயே வச்சுக்கலாமா?

தாராளமாக. மலிவென்று பார்த்தால் எல்லாவற்றையும் வெல்வது இதுதான். 14, 15 அடி டிங்கிப் படகைக் கிளப்பின் கரைத்தளத்தில் வைத்து, வேண்டும்போது சறுக்குமேடையில் தள்ளி இறக்கலாம். சங்கிலி இல்லை, அடியில் எதுவும் ஒட்டாது, புயலுக்குப் பயமில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கார் நிறுத்துமிடத்தில் டிரெய்லரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

பாய் விரித்து ஓட்டும் ஆசை மட்டும்தான் என்றால் படகே வேண்டாம். ஈஸ்ட் கோஸ்ட்டில் தேசியப் பாய்மரப் படகோட்ட மையம் இருக்கிறது. மக்கள் கழகத்தின் பேஷன் வேவ் நீர்விளையாட்டு நிலையங்களில் படித்து, படகை மணிக்கணக்கில் எடுக்கலாம். மாதம் ஒரு தடவை கடலுக்குப் போகிறவர் சொந்தப் படகு வைத்தால், அந்த ஒரு தடவைக்கு அவர் கொடுக்கும் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது. தூக்கம் வராது.

ஜோகூர் பக்கம் மலிவுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

மலிவுதான். நம் ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட் அளவுக்குக் கிடைக்கிறது, கட்டணமும் அங்கே குறைவு. கடற்பாலத்துக்கு மேற்கே புத்ரி ஹார்பர், கிழக்கே செனிபோங் கோவ் என்று இரண்டு பெயர்கள் அடிக்கடி அடிபடும். முன்னே சொன்ன கடற்பாலம் இங்கே முக்கியம்: சாங்கி, உபின் பக்கம் ஓட்டுபவருக்கு செனிபோங்தான் அதே தண்ணீர், புத்ரி ஹார்பருக்குத் துவாஸ் பக்கமாக இரண்டாவது இணைப்புப் பாலத்துக்கு அடியில் போக வேண்டும்.

ஆனால் இதைக் கேளுங்கள். படகு ஜோகூரில் இருந்தால் நீங்கள் ஓட்டப் போவதும் மலேசியக் கடலில்தான். அங்கிருந்து கிளம்பி லாசரஸில் மத்தியானச் சாப்பாடு என்றால் அது வெளிநாட்டுப் பயணம்: அங்கே வெளியேறும் அனுமதி, இங்கே குடிநுழைவுச் சோதனை, திரும்பும்போது மறுபடியும் இரண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்லண்ட்ஸில் காரில் நிற்பவருக்கு மெரினா எவ்வளவு அழகு என்பதெல்லாம் மறந்துபோகும். முக்கால் டேங்க் பெட்ரோலும் நிரப்பியிருக்க வேண்டும். தியோமான் பக்கம் நீண்ட பயணம் போக நினைப்பவர், மாதத்தில் இரண்டு வாரயிறுதியை முழுதாக அங்கேயே கழிப்பவர், இவர்களுக்கு ஜோகூர் அருமை. வேலை முடிந்து ஐந்து மணிக்கு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வர நினைப்பவருக்கு இல்லை.

அங்கேயே படகை வாங்கிப் பிறகு இங்கே கொண்டுவரும் எண்ணம் இருந்தால், இறக்குமதிக்கான பொருள் சேவை வரியை முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

அப்போ பாத்தாம்?

இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் நோங்சா பாயிண்ட் மெரினா நல்ல இடம், தானா மேரா முனையத்திலிருந்து ஃபெரி இருக்கிறது. ஆனால் ஜோகூருக்குச் சொன்ன அதே சிக்கல், கூடவே ஃபெரிக் கட்டணம். நடுவில் பெரிய கப்பல்கள் வரிசையாகப் போகும் நீரிணையைக் குறுக்கே கடக்க வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. படகில் வரும் நண்பர்களில் இந்தியக் கடப்பிதழ்க்காரர் இருந்தால் அவருக்குரிய விதியைத் தனியாகப் பாருங்கள்.

மூரிங் கொடுக்குறாங்க. அது உறுதியானதான்னு எனக்கு எப்படித் தெரியும்?

மிதவையின் பெயிண்டைப் பார்க்காதீர்கள். கேட்க வேண்டியவை: கல் எத்தனை கிலோ, சங்கிலி எத்தனை மில்லிமீட்டர், கடைசியாக எப்போது தூக்கிப் பார்த்தார்கள், யார் பொறுப்பு. கான்கிரீட் தண்ணீருக்குள் எடை இழக்கும். கரையில் 1,000 கிலோ உள்ள கட்டி, கடலடியில் 600 கிலோவுக்கும் குறைவாகத்தான் உட்காரும். இரும்பு அவ்வளவு இழக்காது. சேற்றில் புதைந்த கல்லுக்குப் பிடிமானம் கூடும், மணலில் சும்மா கிடக்கிற கல் இழுபடும்.

என் சங்கிலியை முக்குளிப்பவர் முதல் தடவை மேலே கொண்டுவந்தபோது ஒரு பாடம் படித்தேன். மேல் பாதி பார்க்க அசிங்கமாக, சிப்பியும் பாசியும் அப்பி இருந்தது; சுரண்டினால் உள்ளே இரும்பு முழுசாக இருந்தது. சேற்றில் புதைந்திருந்த அடிப்பகுதியும் பழுதில்லை. நடுவில் ஒரு முழ நீளம் மட்டும் வெள்ளி மாதிரிப் பளபளவென்று இருந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். முக்குளிப்பவர் தலையை ஆட்டினார். தண்ணீர் ஏறி இறங்கும்போது தரையைத் தொட்டுத் தொட்டு எழும் பகுதி அது. மணலில் தேய்ந்து தேய்ந்துதான் அந்தப் பளபளப்பு. 16 மில்லிமீட்டர் கண்ணி, ஒன்றோடொன்று உரசும் இடத்தில் 10 ஆகியிருந்தது. அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம் தூக்குகிறேன்.

இணைப்பு வளையங்களில் எவர்சில்வரையும் துத்தநாகம் பூசிய இரும்பையும் கலக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். திருகாணி கழன்றுவிடாமல் கம்பியால் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சுமத்ரா காத்து அடிக்கும்போது படகு அங்க கிடந்தா பயமா இருக்காதா?

இருக்கும். சுமத்ரா என்று நாம் சொல்லும் சூறைக்காற்று தென்மேற்குப் பருவக்காலத்திலும் அதற்கு முன்பின் மாதங்களிலும், பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகை இழுக்கும் விசை நான்கு மடங்கு ஆகும் என்பதை நினைத்துக்கொண்டு படுத்தால், கூரையில் முதல் துளி விழும்போதே விழிப்பு வந்துவிடும்.

பெரும்பாலும் கல்லும் சங்கிலியும் தோற்பதில்லை. தோற்பது, மிதவைக்கும் படகுக்கும் நடுவில் உள்ள இரண்டு மீட்டர்க் கயிறு. ஒரு ஏப்ரல் மாதக் காலையில் பக்கத்துப் படகைப் பார்க்கப் போனேன். மூன்று புரி நைலான் கயிறு. அணியத்து உருளையின் ஓரம் உரசி இரண்டு புரி அறுந்து தொங்கியது, மூன்றாவது பழைய பல்துலக்கி மாதிரிச் சிலிர்த்து நின்றது. அந்த ஒரு புரியில்தான் மூன்று டன் படகு ராத்திரி முழுக்க நின்றிருக்கிறது. கயிறு உரசும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாய்த் துணியை உறையாகப் போடுங்கள். நெகிழிக் குழாய் வேண்டாம். உள்ளே சூடேறி நைலான் உருகும். எப்போதும் இரண்டு கயிறு, இரண்டும் வேறு வேறு நீளம், இரண்டும் வேறு வேறு கட்டையில். பாய்களை விட்டுவிட்டு வராதீர்கள். சுருட்டிய பாய் அவிழ்ந்தால் படகு மூரிங்கிலேயே ஓடத் தொடங்கும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை வாடைக்காற்று காலம். சூறை குறைவு, ஆனால் திறந்த பக்கமாக உள்ள மூரிங்கில் நாள் முழுக்க ஆட்டம். இடம் பார்க்கப் போகிறவர்கள் அந்த மாதத்தில் போய்ப் பாருங்கள். அக்டோபர் மாதம் எல்லா இடமும் குளம் மாதிரிதான் இருக்கும்.

அடியில கொட்டலசு ஒட்டுமாமே. எத்தனை நாளுக்கு ஒரு தடவை சுரண்டணும்?

நம் தண்ணீர் வருடம் முழுக்க வெதுவெதுப்பு. கொட்டலசுக்கு, அதாவது படகடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சின்ன உயிரிக்கு, ஓய்வே இல்லை. ஓட்டாமல் ஒரு மாதம் விட்டாலே வழவழப்பு படியும், இரண்டு மூன்று மாதத்தில் கை வைத்தால் கீறும். ஜோகூர் நீரிணையில் இன்னொரு விருந்தாளியும் உண்டு: மத்திய, தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பி ஒன்று 2016 முதல் இங்கே கொத்துக் கொத்தாக வளர்கிறது. மிதவைக்குக் கீழே கயிற்றைத் தொட்டால் தெரியும்.

நான் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை முகமூடியும் அகன்ற சுரண்டியுமாக இறங்குகிறேன். நீரோட்டம் நிற்கும் அரைமணி நேரத்தில் மட்டும், மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும். வருடத்துக்கு ஒரு தடவை கரையேற்றி, ஒட்டாமல் தடுக்கும் பெயிண்ட். கரையேற்றும் கட்டணத்தையும் இடம் தேடும்போதே கேட்டுவிடுங்கள். மூரிங் மலிவாக இருந்து, கரையேற்ற வேறிடத்துக்குப் போக வேண்டியிருந்தால் அந்த மலிவு பாதிதான்.

பாய்ப்படகுக்கு லைசன்ஸ் எதுக்கு? எஞ்சினே இல்லாமத்தானே ஓடுது.

மூரிங்கில் வைக்கிற அளவுள்ள படகில் எஞ்சின் இல்லாமல் இருக்காது. எஞ்சின் இருந்தால் ஓட்டுபவருக்கு எஞ்சின் பொருத்திய உல்லாசப் படகு ஓட்டுநர் உரிமம் வேண்டும். எழுத்துத் தேர்வும் ஓட்டித் தேர்வும் உண்டு. படகுக்குத் தனியாக ஆணையத்தின் உரிமம், இருப்பிடத்தைத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி. இடம் கொடுப்பவர் காப்பீட்டைக் கேட்பார். என் கதையை மேலே படித்தீர்கள். பழைய படகுக்குக் காப்பீடு எடுக்கவே ஆய்வு அறிக்கை தேவைப்படலாம், அதற்குக் கரையேற்ற வேண்டும், அதற்கு இடம் வேண்டும்.

படகுலயே குடியிருந்துட்டா வீட்டு வாடகை மிச்சம்தானே?

மூரிங்கில் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெரினா பெர்த்தில் குடியிருக்க அந்த இடத்தின் சம்மதம் வேண்டும், கூடுதல் கட்டணமும் இருக்கலாம். மத்தியானம் ஒரு மணிக்கு மின்விசிறி இல்லாத படகின் அறைக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

நாலு பேர் சேர்ந்து வாங்கினா செலவு நாலுல ஒண்ணு ஆகிடுமே?

ஆகும், மலிவு வழிகளில் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் மூரிங் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் படகு வாங்கும் முன் தீர்த்துக்கொள்ளுங்கள். பல கிளப்புகளில் மூரிங் ஓர் உறுப்பினர் பெயரில்தான் இருக்கும். அந்த ஒருவர் விலகினால் மற்ற மூவரிடம் முக்கால் படகு இருக்கும், கட்ட இடம் இருக்காது. குறைந்தது இரண்டு பேராவது உறுப்பினர் ஆகுங்கள். கூட்டாளி என்று அலுவலகத்தில் எழுத்தில் பதியுங்கள். யார் சுரண்டுவது என்பதையும் எழுதுங்கள். நாலு பேர் படகில் பந்தயத்துக்கு நாலு பேர் வருவார்கள், சுரண்ட ஒருவர்தான் வருவார்.

ஒருத்தர் தன் மூரிங்கை எனக்கு உள்வாடகைக்குத் தர்றேங்கிறார். பாதி விலை. எடுத்துக்கலாமா?

அலுவலகத்தின் எழுத்து அனுமதி இருந்தால் எடுக்கலாம். வெறும் வாய்ப்பேச்சு என்றால் வேண்டாம். அவர் படகின் எடைக்குப் போட்ட கல்லும் சங்கிலியும் உங்கள் படகுக்குப் போதுமா என்பது ஒரு கேள்வி. இரவில் படகு கழன்று பக்கத்துப் படகில் மோதினால், அனுமதியில்லாத இடத்தில் கட்டியிருந்ததற்குக் காப்பீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பது அடுத்த கேள்வி.

"மூரிங்கோட சேர்த்து விற்பனைக்கு"ன்னு ஒரு படகு பார்த்தேன். அப்போ இடப் பிரச்சினை தீர்ந்துச்சில்ல?

தீரவில்லை. படகு அவருடையது, விற்கலாம். மூரிங் பெரும்பாலும் கிளப்புடையது. அவருக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும். அவர் போனதும் அது பட்டியலில் அடுத்தவருக்குப் போகலாம். நேராக அலுவலகத்துக்குப் போய், "இந்தப் படகை நான் வாங்கினால் இந்த மூரிங் என் பெயருக்கு மாறுமா?" என்று கேளுங்கள். மாறும் என்றால் அதை ஒரு மின்னஞ்சலாக வாங்கிக்கொள்ளுங்கள். மாறாது என்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். விற்பவர் "அதெல்லாம் பேசிக்கலாம்" என்று சொன்னால், முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அவரோடு ஒரு கோப்பி மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்.